இரு மொழியில் வளரும் உள்ளம்: பழனிச் சமவெளியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பழனி மலையடிவாரத்தில் ஒரு காலைப்பொழுது நின்று செவிசாய்ப்பவர் தமிழை மட்டுமே கேட்பதில்லை. பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் வழிபாட்டினர் மலையாளம் பேசிச் செல்வர். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து சந்தைக்கு வருவோரிற் சிலர் தமக்குள் தெலுங்கிலோ கன்னடத்திலோ உரையாடிக்கொண்டு, கடைக்காரரிடம் திரும்பியவுடன் தமிழுக்கு மாறுவர். அவர்களுடைய பிள்ளைகளின் பாடநூல்களில் ஆங்கிலமும் உண்டு. பேசுவோர் இம்மாற்றத்தை ஒரு செயலாகவே எண்ணுவதில்லை. பிறந்தது முதல் பழகிய வழக்கம் அது.

இவ்வாறு இரு மொழிகளுக்கிடையே வளரும் பிள்ளை வாலிபப் பருவத்தை எய்தும்போது, அதன் சிந்தனைத் திறன் பெருகியிருக்குமா, குன்றியிருக்குமா? கடந்த நூறாண்டுகளில் அறிஞர் உலகம் இவ்வினாவிற்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகளை அளித்து வந்துள்ளது. அவ்விடைகளின் வரலாற்றை ஆராய்ந்து, நம் திருச்சபை அதிலிருந்து கற்க வேண்டுவது யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதை எழுத எனக்கு ஒரு கடன் உண்டு. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பழனிக்கு அருகிலுள்ள ஒரு சேகரத்தில் நான் ஊழியம் செய்தபோது, வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு தாய் தம் ஏழு வயது மகளை அழைத்து வந்தார். பிள்ளை வாசிப்பில் பின்தங்கியிருந்தாள். “வீட்டில் இனித் தெலுங்கை விட்டுத் தமிழே பேசுங்கள், பிள்ளைக்குக் குழப்பம் தீரும்” என்று நான் அறிவுரை கூறினேன். போதகர் சொல்லைத் தாய் தட்டவில்லை. அந்த அறிவுரையின் விளைவைக் கட்டுரையின் இறுதியில் கூறுவேன். அதற்கு முன், அன்று நான் எந்த ஆதாரத்தின்மேல் நின்று அவ்வாறு பேசினேன் என்பதை ஆராய்தல் தகும்.

1. பழனிச் சமவெளியின் மொழிகள்

பழனி, மதுரைச் சீமையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் பழைய வழியில் அமைந்த ஊர். விசயநகர ஆட்சியும் அதன்பின் மதுரை நாயக்கர் ஆட்சியும் இப்பகுதியில் வேரூன்றிய 16ஆம் நூற்றாண்டை ஒட்டி, தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்கள் பெருமளவில் இங்குக் குடியேறினர். விருப்பாட்சி போன்ற பாளையங்கள் இக்காலத்தின் எச்சங்கள். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் ஆங்கிலக் கும்பினியாரை எதிர்த்து 1801இல் தூக்கிலிடப்பட்டதை யாவரும் அறிவர். இன்றும் கம்பளத்து நாயக்கர் இல்லங்களில் தெலுங்கும், காப்பிலியர், அனுப்பர் இல்லங்களில் கன்னடமும், திண்டுக்கல் நகரின் சௌராட்டிர நெசவாளர் இல்லங்களில் சௌராட்டிரமும் வழங்குகின்றன. அருந்ததியர் இல்லங்கள் பலவற்றிலும் தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழியாக உள்ளது.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பாளையக்காரர் வழியினரின் இல்லத்தில் தெலுங்கு என்பது முன்னோர் பெருமை. அருந்ததியர் இல்லத்திலிருந்து வரும் இளைஞனுக்கோ, பேருந்தில் தாயோடு தெலுங்கில் ஒரு சொல் பேசினால், தன் சாதி வெளிப்பட்டுவிடுமே என்ற அச்சம். ஆகவே அவன் குரலைத் தாழ்த்துகிறான். அல்லது தமிழிலேயே விடையளிக்கிறான். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுருவின் பேச்சே அவனைக் காட்டிக்கொடுத்தது என்று மத்தேயு 26:73 கூறுவதை இவ்விளைஞன் விளக்கவுரையின்றியே உணர்ந்துகொள்வான்.

மொழி ஒன்றே, ஓர் இல்லத்தில் அது அணிகலன், மற்றோர் இல்லத்தில் மறைக்க வேண்டிய வடு. இருமொழியாளரின் சிந்தனைத் திறனைப் பற்றிய உலக ஆய்வுகளை வாசிக்கும்போதும் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் நலம். 1968இல் தமிழ்நாடு ஏற்ற இருமொழிக் கொள்கை தமிழையும் ஆங்கிலத்தையும் குறிப்பது. இத்தகைய இல்லத்துப் பிள்ளைக்கு வீட்டு மொழி அவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவதாக நிற்கிறது.

2. திருமறையில் இருமொழிப் பிள்ளைகள்

திருமறை இப்பொருள்பற்றி மௌனம் சாதிக்கவில்லை. நெகேமியா 13:23–25இல் அஸ்தோத்தியப் பெண்களை மணந்த யூதரின் பிள்ளைகளைக் காண்கிறோம். அவர்களிற் பாதிப்பேர் அஸ்தோத்தின் மொழியைப் பேசினர். யூத மொழியை அறியார். நெகேமியாவின் சினம் தந்தையர்மேல் பாய்கிறது. அடியும் மயிர் பிடுங்குதலும் நிகழ்கின்றன. சிறையிருப்பினின்று மீண்ட சிறிய சமுதாயம் தன் மொழியையும் மறையையும் இழந்துவிடுமோ என்ற அச்சம் அச்சினத்தின் பின்னணி. அதை நாம் புரிந்துகொள்ளலாம். ஆயினும் அப்பிள்ளைகளின் தாய்மார் எவ்வாறு உணர்ந்தனர் என்பதை அந்நூல் பதிவு செய்யவில்லை.

புதிய ஏற்பாட்டில் காட்சி மாறுகிறது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் புறக்கணிக்கப்பட்டபோது, திருச்சபை அவர்களை எபிரெயம் கற்றுவருமாறு பணிக்கவில்லை. எழுவரைத் தெரிந்தெடுத்தது. ஸ்தேவான் தொடங்கி நிக்கொலா ஈறாக எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறையுற்றோரின் மொழியுலகத்தைச் சேர்ந்தோரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது எனக் கருத இடமுண்டு. பவுலும் எருசலேமில் சேனாபதியிடம் கிரேக்கத்திலும், படிகளில் நின்று மக்களிடம் எபிரெய மொழியிலும் பேசியதை அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவருடைய இரு மொழிகளும் நற்செய்தியின் பணிக்கு உதவின.

3. வட்டுக்கோட்டையின் பாடம்

தமிழ் மக்களிடையே இளைஞரின் அறிவுப் பயிற்சியில் இரு மொழிகளின் இடம் யாது என்ற வினா, அமெரிக்க மிஷனெரிகளின் பணியில் கூர்மையாக எழுந்தது. 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் டேனியல் பூர் ஐயர் பொறுப்பில் தொடங்கிய செமினரியில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே கற்பிக்கப்பட்டன. மேனாட்டு வானவியலும் கணிதமும் ஒருபுறம், தமிழ் இலக்கண இலக்கியம் மறுபுறம் என மாணவர் பயின்றனர். இதே மிஷனின் கிளைதான் 1834இல் மதுரையிலும் அடுத்து திண்டுக்கல்லிலும் ஊன்றப்பட்டு, பழனிச் சமவெளி வரை வந்தது. பூர் ஐயர் தாமும் 1836இல் மதுரைக்கு வந்து சில ஆண்டுகள் பணியாற்றினார்.

1855இல் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் முடிவுகளைத் தொடர்ந்து அந்தச் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற இளைஞர் அரசு வேலைகளை நாடிச் செல்கின்றனர், ஊர்ச் சபைகளுக்குத் தாய்மொழியில் பயின்ற ஊழியரே தேவை என்பது ஆண்டர்சனின் கருத்து. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதே செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை என்னும் இருவரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆயினர். தாமோதரம் பிள்ளையோ ஆங்கிலக் கல்வியோடு நின்றுவிடாமல், வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை ஏட்டுச்சுவடிகளினின்று அச்சேற்றினார். இரு மொழிக் கல்வி அவரைத் தமிழுக்கு அந்நியராக்கவில்லை.

மற்றொரு புறம், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன் முதலில் ஆங்கிலத்தில் கற்பித்து, 1864 முதல் தமிழிலேயே மருத்துவ வகுப்பு நடத்தினார். உடற்கூற்றையும் தமிழில் சிந்திக்க இயலும் என்பதை அவர் செயலால் காட்டினார்.

இவ்விரு முயற்சிகளும் நமக்குக் காட்டுவது ஒன்று உண்டு. மொழி பற்றிய முடிவுகள் யாவும் இளைஞர் எதற்குப் பயன்பட வேண்டும் என்ற நோக்கினின்று எழுந்தவை. அவர்களுடைய உள்ளம் எவ்வாறு இயங்குகிறது என்பதை எவரும் அப்போது அளந்து பார்க்கவில்லை. அளக்கும் முயற்சி அடுத்த நூற்றாண்டில் தொடங்கியது.

4. வேல்ஸ் நாட்டின் தீர்ப்பு

வேல்ஸ் நாடு நமக்குப் புதிதன்று. வில்லியம் மார்கன் 1588இல் முழு வேதாகமத்தையும் வேல்ஸ் மொழியில் தந்தார். அந்நாட்டினரே 1841இல் காசி மலைகளுக்கு மிஷனெரிகளை அனுப்பினர். அத்தகைய நாட்டின் கல்வியை ஆராய்ந்த ஆங்கில அரசின் ஆணையர், 1847இல் அளித்த அறிக்கையில், வேல்ஸ் மொழியே மக்களின் முன்னேற்றத்திற்கும் ஒழுக்கத்திற்கும் தடை என்றனர். தாய்மொழி மறையைச் சுமந்து வந்தது. ஆட்சியாளரின் கண்ணுக்கு அது சுமையாகத் தோன்றியது.

இப்பின்னணியில் டேவிட் சேயர் 1923இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 7 முதல் 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,400 பிள்ளைகளின் நுண்ணறிவு சோதிக்கப்பட்டது. ஊர்ப்புறத்தில் வேல்ஸ், ஆங்கிலம் இரண்டும் பேசிய பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். நகர்ப்புறத்தில் அவ்வேறுபாடு இல்லை. பல்கலைக்கழக மாணவரைச் சோதித்தபோதும் ஊர்ப்புறத்து இருமொழியாளரே பின்தங்கியதாகக் கூறப்பட்டது. இரு மொழி மனக்குழப்பத்தை விளைவிக்கும் என்ற கருத்து இதன்பின் பரவி, ஆசிரியப் பயிற்சி நூல்கள் வழியாக உலகெங்கும் சென்றது.

நகரத்தில் காணப்படாத குறை ஊர்ப்புறத்தில் மட்டும் காணப்படின், அதன் காரணம் இருமொழியாக இருக்க இயலுமா? வேல்ஸ் ஆய்வாளரான டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் 1959இல் இச்செய்தியை மீண்டும் ஆராய்ந்து, பெற்றோரின் தொழிலைக் கணக்கிற் கொண்டால் வேறுபாடு மறைந்துவிடுகிறது என்று காட்டினார். வறுமையின் பயனை மொழியின் குற்றமாக எழுதியிருந்தனர் என்பது தெளிவாயிற்று. எனினும் முதல் தீர்ப்பு வேரூன்றிய அளவுக்கு இத்திருத்தம் மக்களிடையே பரவவில்லை. அன்று அத்தாயிடம் நான் கூறிய “குழப்பம்” என்ற சொல்லும் இத்தீர்ப்பின் எதிரொலியே. எனக்கு அது யாரோ ஓர் ஆசிரியரின் வாய்மொழியாக வந்து சேர்ந்திருந்தது.

5. மான்ட்ரியலும் கந்தமாலும்

காற்று திரும்பிய ஆண்டு 1962. கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்னும் இருவர், ஒரே சமூக நிலையிலுள்ள பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டனர். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கு அறிந்தோர், பிரெஞ்சு மட்டும் அறிந்தோரைவிட மொழிச் சோதனைகளிலும் பிற சோதனைகளிலும் முன்னின்றனர். இரு மொழிகளிலும் சமமாகத் தேர்ந்தோரையே தெரிந்தெடுத்தமையால், அறிவுள்ள பிள்ளைகளே அவ்வாறு தேர்ந்தனரோ என்ற ஐயம் எழுந்தது நியாயமே. ஆயினும் இரு மொழி கேடு என்ற பழைய கொள்கை அன்றே ஆட்டங்கண்டது.

நம் நாட்டில் ஒடிசாவின் கோந்து மக்களிடையே அஜித் மொகந்தி செய்த ஆய்வுகள் சிறப்பாகக் கருதத்தக்கவை. 2008ஆம் ஆண்டு வன்செயல்களால் கந்தமால் என்ற பெயர் நம் சபைகளில் கண்ணீரோடு நினைவுகூரப்படுகிறது. அந்நிலப் பகுதியிலேயே சில கோந்து மக்கள் குயி, ஒடியா ஆகிய இரு மொழிகளைப் பேசுகின்றனர். வேறு சிலர் காலப்போக்கில் குயியை இழந்து ஒடியா மட்டும் பேசுகின்றனர். இனமும் பண்பாடும் வாழ்க்கை நிலையும் ஏறத்தாழ ஒன்றே; மொழி மட்டும் வேறு. இவ்வாறான ஒப்பீடு மேனாடுகளில் எளிதிற் கிடைப்பதன்று. 1980களில் வெளிவந்த இவ்வாய்வுகளில், குயியை இழக்காத பிள்ளைகள் சொல்லையும் பொருளையும் பிரித்து ஆராயும் திறனில் மேம்பட்டிருந்தனர். பள்ளி செல்லாத பிள்ளைகளிடமும் இத்திறன் காணப்பட்டது. எழுத்தற்ற குயி மொழி அவர்களுக்குத் தடையாய் இருக்கவில்லை.

6. தமிழர் பங்கேற்ற ஓர் ஆய்வும் பின்வந்த ஐயங்களும்

2004இல் கனடாவின் எல்லன் பியாலிஸ்டாக், பெர்கஸ் கிரெய்க், ரேமண்ட் கிளைன், மைதிலி விசுவநாதன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. இதில் ஒப்பிடப்பட்ட இருமொழியாளருள் தமிழும் ஆங்கிலமும் பேசிய இந்தியரும் இருந்தனர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முதற் பகுதியில் பங்கேற்றோர் 40 பேர். கணினித் திரையில் வலப்புறமோ இடப்புறமோ ஒரு நிறச் சதுரம் தோன்றும். தோன்றும் இடத்தைப் பொருட்படுத்தாமல், நிறத்திற்குரிய விசையை அழுத்துதல் வேண்டும். இடம் இழுக்கும் பக்கம் கை போகாதபடி மனம் அடக்கியாள வேண்டும். இதில் இந்தியத் தமிழர் கனடாவின் ஒருமொழி ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே தடுமாறினர். ஒரு மொழி பேசும்போது மற்றதை அடக்கிவைக்கும் அன்றாடப் பழக்கமே இத்திறனை வளர்த்தது என விளக்கினர்.

அவ்வாய்வில் பங்கேற்றோர் நடுவயதினரும் முதியோரும் ஆவர். இளைஞரைப் பற்றி 2008இல் ஸ்பெயின் நாட்டின் ஆல்பர்ட் கொஸ்டாவும் தோழரும் ஆராய்ந்தனர். கட்டலான், ஸ்பானியம் ஆகிய இரண்டும் பேசும் மாணவர் 100 பேரும், ஸ்பானியம் மட்டும் பேசும் மாணவர் 100 பேரும் சோதிக்கப்பட்டனர், இருமொழியாளர் முன்னின்றனர். இதன்பின் இரு மொழி மூளைக்கு மருந்து என்பதுபோல் நாளேடுகள் எழுதின. ஆங்கிலப் பள்ளிகளின் விளம்பரத்திற்கும் அது வசதியாயிற்று.

ஆனால் ஆய்வு அங்கு நிற்கவில்லை. 2004ஆம் ஆண்டு ஆய்வில் பங்கு கொண்ட அதே ரேமண்ட் கிளைன், 2011இல் மாத்யூ ஹில்சி என்பவரோடு சேர்ந்து வெளிவந்த ஆய்வுகள் அனைத்தையும் திரும்பப் பார்த்து, தடுமாற்றத்தை அடக்கும் தனிச்சிறப்பு அரிதாகவே காணப்படுகிறது என்று எழுதினார். தாமே நாட்டிய கொள்கையைத் தாமே சோதித்துத் திருத்த முன்வந்த இத்துணிவு, மனந்திரும்புதலைப் போதிக்கும் நமக்கும் முன்மாதிரியாகும். 2013இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் கென்னத் பாப், கிரீன்பர்க் ஆகிய இருவரும் பல்கலைக்கழக மாணவரிடையே பல சோதனைகள் நடத்தி, ஒருமித்த மேன்மை எதையும் காணவில்லை. மேன்மை காட்டும் ஆய்வுகளே எளிதில் அச்சேறுகின்றன, காட்டாதவை பெட்டியில் உறங்குகின்றன என்று 2015இல் ஏஞ்சலா டி புரூயினும் தோழரும் சுட்டினர். 2020இல் 11,041 பேரிடம் 12 சோதனைகள் நடத்திய எமிலி நிக்கல்ஸ் முதலியோரின் ஆய்விலும், வயதும் கல்வியும் பொருந்த ஒப்பிட்டபோது, இருமொழியாளருக்குப் பொதுவான சிந்தனை மேன்மை காணப்படவில்லை.

7. எஞ்சி நிற்பவை

இங்ஙனம் நூறாண்டுகள் துலாக்கோல் ஒருபுறமும் மறுபுறமும் சாய்ந்தபின், உறுதியாகக் கூறத்தக்கவை சிலவே.

முதலாவது, இரு மொழியில் வளர்தல் உள்ளத்தைக் குன்றச் செய்யும் என்ற கூற்று நிலைநிற்கவில்லை. இரண்டாவது, இளைஞரிடையே அது பொதுவான சிந்தனை மேன்மையைத் தரும் என்ற கூற்றும் உறுதிப்படவில்லை. கவனத்தை ஆளும் திறன் இளமையில் எவருக்கும் உச்ச நிலையில் இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை என்று கூறுவோரும் உளர். மூன்றாவது, முதுமையில் நன்மை உண்டு என்பதற்குச் சான்றுகள் உள. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் தோழரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மறதி நோயுற்ற 648 பேரில் இருமொழியாளர் 391 பேர். அவர்களுக்கு நோய் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தாழ்ந்தே தோன்றியது. எழுத்தறியாதோரிடமும் இது காணப்பட்டது. எனினும் இதுவும் இன்னும் ஆராயப்பட்டு வரும் பொருளே.

நான்காவது செய்தி போதகர்களாகிய நமக்கு மிகவும் பயனுள்ளது. 2012இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் போவஸ் கேசரும் தோழரும், மாணவர் சிலரிடம் ஒரு சிக்கலைத் தாய்மொழியிலும், வேறு சிலரிடம் கற்ற மொழியிலும் முன்வைத்தனர். தாய்மொழியில் கேட்டோர், அச்சிக்கல் இலாபமாகச் சொல்லப்பட்டதா இழப்பாகச் சொல்லப்பட்டதா என்பதற்கேற்ப முடிவை மாற்றினர். கற்ற மொழியில் கேட்டோரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. தாய்மொழி உள்ளத்தை உடனே தொடுகிறது. கற்ற மொழி சற்று விலகி நின்று நோக்க இடம் தருகிறது என்று இதை விளக்கலாம். ஆங்கிலத்தில் தேர்வு எழுதி வீட்டு மொழியில் செபிக்கும் இறையியல் மாணவருக்கு இது புதுமையன்று. அவருக்கு இரண்டும் வேண்டும்.

இவ்வரலாற்றில் மற்றொன்றும் தெரிகிறது. வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் பேசிய உழவர் பிள்ளைகளின் இருமொழி, குழப்பம் எனப்பட்டது. பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசிய நகரப் பிள்ளைகளின் இருமொழி, செல்வம் எனப்பட்டது. பழனியில் பாளையக்காரர் தெலுங்கிற்கும் அருந்ததியர் தெலுங்கிற்கும் உள்ள வேறுபாடே அங்கும் இருந்தது. பேசுவோரின் நிலையைக் கொண்டு மொழியையும், மொழியைக் கொண்டு அறிவையும் எடைபோட்டனர்.

8. திருச்சபையின் கடமை

நம் சபைகளில் வீட்டு மொழி தமிழல்லாத குடும்பங்கள் எத்தனை என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமா? ஞாயிறு பள்ளியில் பின்தங்கும் பிள்ளையின் வீட்டு மொழி யாது எனக் கேட்கிறோமா? குற்றம் சாட்டுவதற்கல்ல, அம்மொழியில் ஒரு சொல் கூறி விளக்குவதற்காகக் கேட்டல் வேண்டும். சபையிலேயே அம்மொழி பேசும் மூத்த சகோதரியர் இருப்பர். அவர்களையே அப்பிள்ளைகளுக்கு ஆசிரியராக்கலாம். எருசலேம் சபை எழுவரைத் தெரிந்தெடுத்த முறை இதுவே.

தமிழை நன்கு கற்பித்தல் நம் கடமை. அதில் தளர்ச்சி கூடாது. பிள்ளையின் வீட்டு மொழியை அழித்துத்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதுபோலவே, ஆங்கிலம் மூளையைக் கூர்மையாக்கும் என்று நம்பிக் கடன்பட்டுக் கட்டணம் செலுத்தும் பெற்றோரிடம், ஆங்கிலத்தின் பயன் வேறு, மூளையின் கூர்மை வேறு என்று உண்மையைக் கூறவும் நாம் கடமைப்பட்டுள்ளோம்.

முடிவுரை

நான் முன்னர்க் குறிப்பிட்ட பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குச் சென்றாள். நன்றாகவே தேறினாள். பத்தொன்பது வயதில் ஒரு வாலிபர் முகாமில் என்னைச் சந்தித்தபோது, தன் பாட்டியின் மறைவைப் பற்றிக் கூறினாள். இறுதி நாள்களில் பாட்டிக்குத் தமிழ் நழுவிப்போயிற்று. தெலுங்கு மட்டுமே நின்றது. அவர் பேசியது பேத்திக்கு ஓரளவு புரிந்தது. ஆனால் திரும்பக் கூற ஒரு சொல்லும் நாவில் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன் ஐயா என்றாள். என்மேல் குறை சொல்லவில்லை. அந்த அறிவுரை என்னுடையது என்பதே அவளுக்குத் தெரியாது.

அவள் தேறியதற்கு என் அறிவுரை காரணமன்று என்பதை இன்று அறிகிறேன். வாசிப்பில் அவளுக்கு உதவியது, மாலைதோறும் அருகில் அமர்ந்து கற்பித்த ஓர் ஆசிரியையின் உழைப்பு. என் அறிவுரை விளைவித்தது அந்த மௌனம் ஒன்றே.

அத்தாயிடம் பின்னர்ச் சென்று, நான் கூறியது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, தம் பேரப்பிள்ளையைத் தெலுங்கில் பெயர் சொல்லி அழைத்தார். இதை வாசிக்கும் உடன் ஊழியரிடம் வேண்டுவது இதுவே: அடுத்த முறை ஒரு தாய் இக்கேள்வியோடு வரும்போது, வீட்டில் எம்மொழியில் பேசுகிறீர்களோ அம்மொழியிலேயே பிள்ளைக்குச் செபிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். வாசிப்பில் உள்ள குறையைத் தீர்க்க நாம் மாலையில் அருகில் அமர்வோம்.